ஈரல் வளர்த்த கதை

இன்று காலை கொட்டாரத்துக் கறிக்கடையில் நின்றேன், மக்கா. கடைக்காரர் ஆட்டு ஈரலைப் பலகையில் போட்டுவிட்டு, பழைய வழக்கத்தில், "உங்களுக்கு எடுத்து வைக்கட்டா, அக்கா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுக்களை முழுக்க அந்த வாடை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

குடிக்காமலே குடிகாரன் என்று பேர் வாங்கின தம்பி நீ. காமாலையில் தொடங்கி உன் ஈரல் சுருங்கிப்போனது. குலசேகரத்தில் உன் ரப்பர் ஷீட் கடைக்கு வந்தவர்கள்கூட உன் மஞ்சள் கண்ணைப் பார்த்துவிட்டு வாயை மோந்தார்கள். கூடப்பிறந்தவர் யாராவது ஈரலில் ஒரு பாகம் கொடுத்தால் நீ பிழைக்கலாம் என்று திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடுமாம். ரத்தம் பொருந்தியது எனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சொன்னேன். பெருமைதான், மறைப்பானேன்.

அதன்பிறகுதான் அந்தக் கிறுக்கு. ஈரல் தின்றால் ஈரல் வளரும் என்று யாரோ சொல்ல, தினமும் மிளகு போட்டு வறுத்துத் தின்றேன். நீ போனில் கூப்பிட்டுச் சிரிப்பாய். "ஆட்டு ஈரல்லா வளருது. ஆபரேஷன் முடிஞ்சு நான் மே-ன்னு கத்தினா நீதான் பொறுப்பு, கேட்டியா?"

ஸ்கேன் எடுத்தபின் டாக்டர் நம் இருவரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். என் ஈரல் திரையில் முழு உருவமாக நின்றது. அவர் மவுஸை அசைத்தால் திரும்பியது, கவிழ்ந்தது. மேல்சதையை மங்கலாக்கினார். உள்ளே சிவப்பும் நீலமுமாகக் குழாய்கள், மரத்து வேர்போல. கத்தி வைக்கும் முன்னால் இதில் வெட்டிப் பார்த்துவிடலாம் என்று ஒரு கோடு இழுத்தார். வலப்பக்கம் தனியே விலகி நின்றது, பக்கத்தில் அளவு வந்தது. கோட்டை அழித்தார், தள்ளிப் போட்டார், மறுபடியும் அழித்தார். வலப்பக்கத்தை எடுத்தால் மிஞ்சுகிற துண்டு என்னைத் தாங்காது. இடப்பக்கத்தை எடுத்தால் உனக்குப் பற்றாது. எங்கே கோடு போட்டாலும் ஒருத்தர் குறைந்தோம். அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

நான் விடவில்லை. "இன்னும் ரெண்டு மாசம் தின்னா அந்தப் பக்கம் பெருசாகுமா, டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிற நீயும் சிரிக்கவில்லை. என்ன ஆனாலும் சரி, வெட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அப்போதுதான் நீ என் கையைப் பிடித்தாய்.

"எக்கா, எந்திரி. உன் பிள்ளையளுக்கு அம்மை வேணும்லா. பஸ்ஸு போயிரும்."

களியக்காவிளை தாண்டி, மார்த்தாண்டத்தில் இறங்கிப் புரோட்டா வாங்கித் தந்தாய். உனக்கு இறங்கவில்லை, நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாய். வேறு யாரும் பொருந்தி வரவில்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் நீ போய்விட்டாய்.

டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் படம் இல்லாதிருந்தால் இரண்டு பேரையும் புதைத்திருப்போம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். சரிதான். சரி என்று தெரிவதால் எதுவும் ஆவதில்லை.

மத்தியானம் ஈரலை வறுத்தேன். பிள்ளைகள் தின்றார்கள். நானும் தின்றேன். கை கழுவி வந்து உட்கார்ந்தபோது, விரல்கள் தானாக வலப்பக்க விலாவுக்குக் கீழே போய் நின்றன. ஒரு துண்டும் குறையாமல் அங்கேயே இருக்கிறது, மக்கா. உனக்கென்று வளர்த்தது.