மஞ்சள் பூ ஆய்ந்த காலை

என் அன்பான அண்ணைக்கு,

மேலே இருந்து எல்லாம் பார்த்துத்தான் இருப்பீர்கள். ஆனாலும் என் வாயால் சொல்லவேண்டும். ஸ்கொட்லாந்தில் உங்கள் மலைக்கிராமத்துக்குப் போய், மொன்றியலுக்குத் திரும்பி இரண்டு கிழமை ஆகிறது. வெட்கம் மட்டும் இன்னும் தீரவில்லை.

உங்கள் கடைவாசலில் தொடங்குமே அந்தப் புதிர்நடை, அதை இம்முறை உங்கள் நினைவாக வைத்தார்கள். பக்கத்து வீட்டு மார்கரெட்தான் ஓடியாடி ஒழுங்குசெய்தார். ஊரைச் சுற்றி நடந்து விடை தேடவேண்டும்: பாலத்துக்கு எத்தனை வளைவு, கடைவாசல் தொட்டியில் எத்தனை மஞ்சள் பூ, இப்படி. வருகிற இலக்கங்களைப் போட்டால் மண்டபத்துப் பெட்டியின் பூட்டுத் திறக்கும். உள்ளே, நீங்கள் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்கிற டொபி.

எனக்கு இது எதுவும் தெரியாது. அன்று விடிய முழுகிவிட்டு, உங்கள் படத்துக்கு வைக்க அந்தத் தொட்டியை மொட்டையாக ஆய்ந்துவிட்டேன். படத்துக்குப் பூ என்றால் பிறந்த ஊரில் எங்கள் ஒழுங்கையில் யார் அண்ணை கேட்டது? இங்கே மொன்றியலில், எங்கள் அஹுன்ட்சிக் பகுதியில், மூலை வீட்டுப் பூவையே நான் விட்டுவைத்தவளா?

தொட்டியில் பூவே இல்லை என்று எல்லோரும் பூச்சியம் போட்டார்கள். பூட்டு அசையவில்லை. தூறலுக்குள் ஊரே நின்றது. கடைசியில் மார்கரெட்தான் திறந்தார். “தொட்டியைக் கவனியாமல் விட்டது என் பிழை, அவருடைய நாளைக் கெடுத்துப்போட்டேன்” என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு அழுதார். பக்கத்தில் நான். வாய் திறந்தேனா? ஒரு டொபியையும் வாங்கிக்கொண்டு நின்றேன், சீ!

பின்னேரம் அவர் அண்ணியிடமும் மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வந்தார். அப்போதா அண்ணி கேட்கவேண்டும்?

“இந்தப் பூ எங்கை ஆய்ஞ்சனீர்?”

“கடையிலை வாங்கினனான், அண்ணி.”

எங்கள் தமிழ் மார்கரெட்டுக்கு விளங்காது. கண்ணுக்கு விளங்குமே. உங்கள் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, “அவருக்கு அழகாக இருக்கிறது” என்று மட்டும் சொல்லித் தேநீரைக் குடித்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், அண்ணை. நீங்களும் அப்படித்தான் பேசாமல் இருந்திருப்பீர்களா?

நேற்று அண்ணிக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பேந்து, “மார்கரெட்டிட்டை நீரே சொல்லும். நான் சொல்லமாட்டன்” என்றார்.

சொல்வேன். வாற ஞாயிறு போனில், என் ஓட்டை ஆங்கிலத்தில். அடுத்த புதிர்நடைக்கும் வந்து, அதே மண்டபவாசலில் நின்று, அன்று அவர் கேட்ட மன்னிப்பு நான் கேட்டிருக்கவேண்டியது என்று ஊருக்கே சொல்வேன்.

உங்கள் முகத்தில் முழிக்க இன்னும் தைரியம் வராத,
தங்கச்சி