இரண்டாம் நம்பர் ஜாவில் சந்தனம்

லேத்துச் சக்கில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற மூன்று ஜாக்களில் இரண்டாம் நம்பரைக் கழற்றியதும், அது நகர்கிற காடிப் பள்ளத்தில் மஞ்சளாக ஒரு கட்டி ஒட்டியிருந்தது. உலோகத்தூள்தான் எண்ணெயில் இறுகியிருக்கிறது என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டினேன். உள்ளே சிவப்பு தெரிந்தது. முகர்ந்தால் எண்ணெய் வாடைக்கு அடியில் சந்தனம்.

அதைக் காகிதத்தில் எடுத்து வைத்துவிட்டு வேலையை முடித்தேன். இப்போது சாயங்காலம். முத்தையா அண்ணன் தோட்டத்தில் மருந்தடிக்கிற பம்பு ஓடினால் நம் கொட்டகைக்குக் கேட்கும். இன்னும் கேட்கவில்லை. வாசலுக்கும் லேத்துக்குமாக நடந்து கால் ஓய்ந்துதான் இந்தக் கணக்கு நோட்டை எடுத்தேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அண்ணன் விடிந்ததும் வந்துவிட்டார். மூன்று நாளாகச் சாரல். திராட்சைப் பந்தலில் இலைக்கு அடியில் சாம்பல் பூத்துவிட்டது. இன்று ஒரு பொழுதுதான் வானம் வெறித்திருக்கிறது. இருட்டுவதற்குள் மருந்தடிக்க வேண்டும். பம்புக்குள் தண்டைச் சுற்றித் தாங்குகிற வெண்கல வளையம், அந்தக் கன்மெட்டல் புஷ், தேய்ந்து தண்டு ஆடுகிறது.

"தேனியில கேட்டாச்சு ஆத்தா. புதுசு வர மூணு நாளாகும்ங்கிறாக. மூணு நாள் கழிச்சு மருந்தடிக்க ஆள் வேண்டாம், பந்தலைப் பிரிக்கத்தான் ஆள் விடணும். அவுக இருந்தா இந்நேரம் போட்டுக் குடுத்திருப்பாக."

"நான் போட்டுப் பாக்குறேண்ணே."

"நீயா?" வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்து என்னைப் பார்த்தார். "குழம்புக்கு உப்புப் போடுற மாதிரி குத்துமதிப்பாப் போட்டுறாதத்தா."

"குழம்புக்கும் நான் அளந்துதாண்ணே போடுவேன்."

வாய் சொல்லிவிட்டது. போன தையில் நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து அந்தக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கியதோடு சரி.

சர்க்கரை உங்கள் கண்ணைப் பிடித்த பிறகு வெர்னியர் அளவுகோலில் கோடு படித்துச் சொன்னது நான்தானே. முதல் நாள் "பதினெட்டு, கிட்டத்தட்ட" என்றேன். நீங்கள் மெஷினையே நிறுத்திவிட்டீர்கள். "இந்தா புள்ள, பால்காரன் ஒரு ஆழாக்குக் குறைச்சா வாசல்லயே நிறுத்தி வச்சுக் கேக்குற. இங்க மட்டும் என்ன கிட்டத்தட்ட?" அன்றைக்குப் பிடித்த ரோஷத்தில்தான் கோடு படிக்கக் கற்றேன். நீங்கள் போகிற போக்கில் சொன்னதையெல்லாம் இதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். எதற்கு என்று நீங்களும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினேன். வளையலைக் கழற்றினேன். "தாலிக்கயித்த ஜாக்கெட்டுக்குள்ள விடு. சுத்துறதுக்குக் கண்ணு கிடையாது" என்று எழுதியிருந்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டு அடுத்ததைப் படித்தேன்.

பதற்றம் என்ன செய்யும் என்று பாருங்கள். கன்மெட்டல் ராடைக் கவ்வ வைத்து இறுக்கிவிட்டு சுவிட்சில் விரல் வைத்துவிட்டேன். சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்து ஆணி வெறுமையாக இருந்தது. ஜாக்களை இறுக்குகிற சக் சாவி சக்கிலேயே நின்றது! சுற்றியிருந்தால் அது என் முகத்துக்குத்தான் பறந்திருக்கும். ஒன்று சாவி கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆணியில். மூன்றாவதாக ஓர் இடம் அதற்குக் கிடையாது என்பீர்கள். அதற்காகத்தான் ஆணியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் அடித்தீர்கள், எப்படியும் நான் அங்கே பார்ப்பேன் என்று.

அதற்குப் பிறகும் ஒரு தப்புச் செய்தேன். வெளிப்பக்கம் கடைந்து முடிந்ததும் அண்ணன் கழற்றி வந்த பம்புக் கூட்டுக்குள் நுழைகிறதா என்று பார்க்கும் அவசரத்தில் சக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நுழைந்தது. சந்தோஷமாகத் திரும்பக் கவ்வ வைத்துத் துளையைக் கடைந்தேன். முடித்து அளந்தால் ஒரு பக்கச் சுவர் தடிமன், எதிர்ப்பக்கம் மெலிசு. "வெளியையும் உள்ளையும் ஒரே பிடியில முடி. எடுத்தா போச்சு." அதுவும் நோட்டில் இருக்கிறது, என் கையெழுத்திலேயே.

மீதியிருந்த கன்மெட்டல் கட்டைவிரல் நீளம். கவ்வவே பாதி போய்விடும். ஒரே பிடியில் முடிக்க வழியில்லை, திருப்பிப் பிடித்தே ஆக வேண்டும். சக் கோணாமல் பிடித்தால்தான் அது நடக்கும். இதுவும் போனால் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? கை உடனே அடுத்ததைக் கடையப் பரபரத்தது. கெட்டதற்குக் காரணம் தெரியாமல் இரண்டாவதைத் தொடாதே என்பீர்களே, அதற்காக மட்டும் நின்றேன். வட்டம் சரியாக இருக்கிற தண்டு ஒன்றைக் கவ்வ வைத்து, கோணலைக் காட்டுகிற டயல் முள்ளை அதன்மேல் தொடவிட்டு, கரண்டு போடாமல் கையால் சுற்றினேன். இரண்டாம் நம்பர் ஜா வரும்போதெல்லாம் முள் துள்ளியது.

கழற்றினேன். சந்தனம்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நமக்கு நடக்கிற சண்டை. நான் மூன்று ஜாவுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். மறுநாள் நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே மூன்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுவீர்கள். "சாமி கும்பிடு, வேண்டாங்கல. சந்தனம் காஞ்சா கல்லு மாதிரி. காடிக்குள்ள போனா சக்கு கோணப் பிடிக்கும். மோட்டார் மூடியில வை, கதவுல வை, பத்தாட்டி என் நெத்தியில வை." அடுத்த வருடமும் நான் ஜாவுக்குத்தான் வைப்பேன்.

இன்றைக்கு முதலில் என்னைத்தான் திட்டிக்கொண்டேன். என் பக்திதான் அண்ணன் பந்தலைக் கெடுக்கப் பார்த்தது என்று. பிறகுதான் உறைத்தது. போன ஆயுத பூஜைக்கு நான் இங்கே இல்லை. மகளின் பிரசவத்துக்குத் திண்டுக்கல் போயிருந்தேன். அங்கிருந்து போனில் கேட்டேன்:

"மெஷினுக்குப் பொட்டு வச்சாச்சா?"

"வச்சாச்சு வச்சாச்சு. நீ வைக்கிற எடத்துலயே."

கேலி செய்கிறீர்கள் என்று நினைத்து, "பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்" என்றேன். "மிச்சம் என்ன இருக்கு குத்துறதுக்கு" என்று சிரித்தீர்கள். அந்த வாரமே கால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் ஓடி வந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் கொட்டகைக்குள் போகவேயில்லை. கழுவாமல் விட்டது அந்த ஒரு வருடம்தான்.

கையில் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தையும் பிரஷையும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. கண் தெரியாமல் விரலால் தடவித் தடவி வைத்திருப்பீர்கள். அண்ணன் வாசலிலிருந்து "ஆத்தா, மேக்க மேகம் எறங்குது" என்றார். பெரிய கட்டியை மட்டும் காகிதத்தில் எடுத்து வைத்தேன். மீதியைத் தேய்த்துக் கழுவினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை மாறாமல் ஜாக்களை ஏற்றினேன். டயல் முள் அசையாமல் நின்றது.

பிறகு அவசரப்படவில்லை. கடைசி இரண்டு வெட்டையும் ஒரே அளவாக எடுத்தேன். சூட்டில் அளந்தால் பொய் சொல்லும் என்பதால் ஆறுகிறவரை முருகன் பெயரை நூற்றெட்டு முறை சொன்னேன். எழுபதிலேயே கை வெர்னியருக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். நூற்றெட்டு முடிந்து அளந்தபோது கிட்டத்தட்ட இல்லை, சரியாக இருந்தது. அண்ணன் துணியில் சுற்றி, பிள்ளையை வாங்குவதுபோல் வாங்கிப் போனார்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பம்புச் சத்தம் கேட்டுவிட்டது. முதலில் இரண்டு இருமல். பிறகு ஒரே சீராக. தண்டு தட்டுகிறதா என்று மூச்சை அடக்கிக் கேட்டேன். தட்டவில்லை. காற்றில் மருந்து வாடை வருகிறது.

காகிதத்தில் இருந்த கட்டியை உடைத்து, எண்ணெய் படாத நடுப்பகுதியை உள்ளங்கையில் நீர்விட்டுக் குழைத்தேன். அதிலிருந்த குங்குமமும் கலந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தால் ஏதாவது சொல்வார்கள். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சந்தனத்தை என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். லேசாகக் குத்துகிறது, கன்மெட்டல் தூள் இருக்கும். துடைக்கவில்லை.