கைதியின் இருக்கை

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் நான் சுகம். உம்மாவின் பிரஷர் குறைந்ததா?

நேற்று என்னைப் பொலிஸ் வாகனத்தில் ஏற்றினார்கள். பயந்துவிடாதீர்கள்! பழைய பொலிஸ் வாகனங்களை மாற்றுவதற்காக எங்கள் கராஜில் புது மாதிரிகளைப் பார்க்கிறார்கள். நான் நெட்டையன் என்பதால் கைதியின் இருக்கையில் இருத்தி, முழங்கால் இடிக்கிறதா என்று பெரிய அதிகாரியே குனிந்து கேட்டார். இடிக்கிறது என்றேன். அந்த வாகனமே வேண்டாம் என்று எழுதிவிட்டார், வாப்பா! "கள்ளனுக்கும் கால் நோகும்தானே மச்சான்" என்றான், கூட வேலைசெய்யும் மருதமுனை றிபாஸ்.

யுத்த காலத்தில் ஒருநாள் உங்களைப் பிடித்து, பொலிஸ் ஜீப்பின் தரையில் மடக்கிப் போட்டுக் கொண்டுபோனார்கள். மறுநாள் நொண்டிக்கொண்டு வந்தீர்கள். நாங்கள் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

ஊரிலிருந்து யாரும் வந்தால் மாசிச் சம்பல் கொடுத்துவிடுங்கள். வேலைக்கு பஸ் வந்துவிட்டது.

உங்கள் முழங்கால் இப்போது எப்படி, வாப்பா?

மகன்,
இல்ஹாம்