பாடநூல் படத்தில் விடுபட்ட பீரோ

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கைக்கடிகாரப் பழுதுபார்ப்பாளர்,
தபால் நிலையத்துக்கு எதிர்வீடு, கீழ்த்தளம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மேல்நிலை வகுப்பு வரலாற்றுப் பாடநூல் குழு.

பொருள்: பன்னிரண்டாம் வகுப்பு சமகால வரலாறு – பேருந்துக் கட்டண உயர்வுப் போராட்டம் – படத்தில் இருப்பவர் போராடவில்லை, பீரோ பிடித்தார் – திருத்தம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மீதியை நூலகத்தில் நானே படித்துக்கொண்டவன் நான். தங்கள் நூலிலுள்ள அச்சுப்பிழைகளுக்குத் தனி மனு வரும். இது அதைவிட முக்கியமானது.

2. மாடி வீட்டு மாணவி சென்ற மாதம் அந்நூலை விரித்துக் காட்டி, “தாத்தா, இது நீங்கதானே?” என்றாள். நானேதான். பின்னால் ஊர்வலம் போகிறது. முன்னால் நான் இரு கைகளையும் உயர்த்தி, வாயைத் திறந்தபடி நிற்கிறேன். கீழே, “கட்டண உயர்வைக் கண்டித்துக் கொதித்தெழுந்த இளைஞர்” என்று அச்சிட்டிருக்கிறீர்கள்.

3. ஐயா, நான் கொதிக்கவில்லை. அன்று நாங்கள் வீடு மாற்றினோம். படிக்கட்டு குறுகலானதால், என் மனைவியின் கண்ணாடி பதித்த மரப் பீரோவை என் மைத்துனர் பால்கனியிலிருந்து கயிறு கட்டி இறக்கினார். தாங்கிப் பிடிக்க நான் கீழே நின்றேன். என் வாய் திறந்திருப்பது “மெதுவா, மெதுவா” என்பதற்காக. படத்தை வெட்டியவர் பீரோவையும் சேர்த்து வெட்டிவிட்டார்.

4. பீரோ விழுந்து நொறுங்கியது. “மாமா கையை எடுத்துட்டாரு, அக்கா” என்றார் மைத்துனர். அன்றிலிருந்து என் மனைவி உடையக்கூடிய எதையும் என் கையில் கொடுப்பதில்லை. வீட்டில் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர், எனக்கு மட்டும் எவர்சில்வர்.

5. தங்கள் நூல் வந்தபின் நிலைமை இன்னும் மோசம். “கோஷம் போட்டுக்கிட்டு நின்னா பீரோ எப்படிங்க தப்பிக்கும்? பாடப் புத்தகத்துலயே போட்டுட்டாங்க” என்கிறார் என் மனைவி. மைத்துனர் பல பிரதிகள் வாங்கி உறவினர்களுக்கு வழங்கியுள்ளார். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் என்னைக் கண்டால் முஷ்டியை உயர்த்துகிறார்கள். அரையாண்டுத் தேர்வில், “படத்தில் உள்ளவரின் கோரிக்கைகளை விளக்குக” என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வேறு. எனக்கு இருந்தது ஒரே கோரிக்கை. அது பால்கனியை நோக்கி வைக்கப்பட்டது, ஏற்கப்படவில்லை.

6. வரலாற்று ஆசிரியையிடம் முறையிட்டேன். “மூலத்தைப் பார்க்காம எதையும் நம்பாதீங்கன்னுதான் பிள்ளைங்களுக்குச் சொல்றேன். நீங்களும் பார்த்துட்டு வாங்க ஐயா” என்றார். நியாயம்தான். படம் எடுத்த பத்திரிகையின் அலுவலகத்துக்கு, அவர்கள் சலிக்கும்வரை நடந்தேன். வெட்டாத படம் கிடைத்தது. அதில் என் தலைக்கு மேலே பீரோ தொங்குகிறது. அதற்கும் மேலே, அன்று பீரோ மறைத்ததால் நான் காண முடியாமல் போன என் மைத்துனர் நிற்கிறார். கயிறு ஒரு கையில். மறு கை முஷ்டியாக வானத்தில். பார்வை ஊர்வலத்தின் மேல். ஐயா, கொதித்தெழுந்த இளைஞர் அவர்தான்.

7. ஆகவே, அடுத்த பதிப்பில் படத்தை முழுமையாக வெளியிட்டு, அந்த வாசகத்தைப் பால்கனிக்கு மாற்றித் தர வேண்டுகிறேன். அதுவரை என்னை எந்தத் தேர்விலும் கேட்கக் கூடாது.

முழுப் படத்தை மனைவியிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “புத்தகத்துல வரட்டும், பார்க்கலாம்” என்றார். ஆனால் இம்மனுவை எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தேநீர் கண்ணாடி டம்ளரில் வந்தது. பாதிதான் ஊற்றியிருந்தார். மீதிப் பாதி தங்கள் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
கையை எடுக்காதவன்
(ஒப்பம்)

நாள்: சனிக்கிழமை
இடம்: மேற்படி கீழ்த்தளம்

இணைப்பு: முழுப் படத்தின் நகல், பீரோவின் கைப்பிடி (பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும்).