நானாக வரவழைத்த நடுக்கம்

அன்புச் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, இந்த முறை நிஜமாகவே சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுகிறேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. போனில் பதில் சொன்னால் நீ பாதியில் மறிப்பாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த பிறகு, மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த பிளாஸ்டிக் கருவியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அலமாரியில் சும்மாதானே கிடக்கிறது, என் புல்லாங்குழலை ஊதேன் என்று சொன்னவள் நீ. டாக்டரும் சரி என்றார். வெறும் காற்றுச் சத்தம் ஒரு ஸ்வரமாக மாறிய அன்று நான் தனியாக நின்று சிரித்தேன். அது போதாதென்று வைப்ரேட்டோவும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன், நீ வாசிக்கும்போது நீண்ட ஸ்வரத்தில் அலை அலையாக வருமே, அது. தாடையை ஆட்டாதே அம்மா, உதட்டை அசைக்காதே, வயிற்றிலிருந்து ஹ ஹ ஹ என்று மூச்சைத் தள்ளு, அணையப் பார்க்கும் சுடரை அணைக்காமல் ஆட்டுவது மாதிரி என்று நீ போனில் பேசி அனுப்பியதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அதனால் நடந்த கூத்தை அப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். வெட்கத்தில் நான் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டுதான் பழகுவேன், முதலில் குழல் இல்லாமல் மூச்சை மட்டும். ஒரு நாள், மறந்துவிட்டுப் போன கண்ணாடியை எடுக்க அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தவர் காதில் அந்த ஹ ஹ ஹ விழுந்திருக்கிறது. எனக்கு மறுபடி மூச்சு முட்டுகிறது என்று நினைத்துக் கத்தியிருக்கிறார், நீ அனுப்பியதை நான் காதில் இயர்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்ததால் எதுவும் தெரியவில்லை. தோளால் இடித்ததில் தாழ்ப்பாள் பிய்ந்து வந்துவிட்டது. மாடி வீட்டு நர்ஸ் பாதிப் பின்னலோடு ஓடி வந்தாள். நான் மடியில் புல்லாங்குழலோடு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். உயிரே போன மாதிரி நான் ஓடி வரேன், நீ இங்க கச்சேரி பண்றியாடி என்று சொல்லிவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார் மனிதர். நர்ஸ் என் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணா, இது நோயாளி மூச்சு இல்ல, நீங்கதான் இப்ப படுக்கணும் என்றாளே பார்க்கலாம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்து முடித்தும் எனக்கு மூச்சு வாங்கவில்லை என்பதை அவர்தான் முதலில் கவனித்தார்.

போன வாரம் பரிசோதனையில் டாக்டரும் அதைத்தான் சொன்னார், அடுத்த மாதம் முதல் பழையபடி என் நூலக வேலைக்குப் போகலாமாம். மூச்சு நடுங்கியபோதெல்லாம் பயந்து செத்தவள், இன்று அதே நடுக்கத்தை நானாகக் கேட்டு வரவழைக்கிறேன். இன்னும் சீராக வரவில்லை, சில நேரம் ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி இருக்கிறது. அப்பா இப்போது எதிரில் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டுகிறார், அதுவும் தப்பாக. இதற்கெல்லாம் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் ராஜினாமா கடிதத்தைக் கொடுக்காதே கண்ணே. நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லையா என்று கேட்டால், நிறையவே இருக்கிறது. நோயைச் சாக்கு வைத்து உன்னைக் கூப்பிட்டால் நீ மறுக்க மாட்டாய் என்றும் தெரியும். தெரிந்ததனால்தான் கூப்பிடவில்லை. லீவு கிடைத்தால் வா, என்னைக் கவனிக்க வராதே, சும்மா வா.

எல்லா நலமும் உன்னைச் சேரட்டும். காலையில் வெறும் காபியோடு ஓடாதே.

உன் வரவை விரும்பும், ஆனால் அவசரப்படாத,
அம்மா