மின்விசிறிக்குக் கீழே ஒரு சமையலறை

ஜூன் 9, 2024
ஆர்டர்களைக் குறித்துவைக்க வாங்கிய நோட்டில் என்னைப் பற்றி எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும் — யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இருப்பது ஒரே ஆர்டர்; தாள்கள் நிறைய மிச்சம்.

பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த ஃபஸீஹா கொடுத்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவளும் அஸ்வரும் குடிபோகும் வீட்டின் சமையலறையைக் காலணிப் பெட்டி அளவில் செய்ய வேண்டும். உள்ளே இருவரும் பொம்மைகளாக நிற்க வேண்டும். "அவரு மங்கு தட்டெல்லாம் கழுவுற மாதிரி வை. பொம்மையாவது கழுவட்டும்லா" என்று போனில் சிரித்தாள்.

ஜூன் 17
அரிசி அளவுக் கோப்பைகள். இடுக்கியால் எடுத்து ஒட்டுவதற்குள் காற்றில் பறந்துவிடுகின்றன. மின்விசிறியை நிறுத்தித்தான் வேலை செய்ய முடிகிறது. வீட்டில் இருப்பது ஒன்றுதான். அதற்குக் கீழேதான் என் மடக்கு மேசை. அம்மா செம்பனைத் தோட்டத்து நாற்றங்காலில் களை பிடுங்கிவிட்டு மதியம் வந்து, தலைத்துண்டால் விசிறிக்கொள்கிறார்.

"டிகிரி வாங்குன புள்ள பொம்ம ஒட்டுதான்னு கூட வேல செய்யுற ராக்கம்மா கேக்குறா. நான் என்னத்தடி சொல்ல?"

நான் அடுத்த கோப்பையை இடுக்கியில் எடுத்தேன். வேலைக்குப் போன இரண்டு நேர்முகத் தேர்வுகளிலும் குரல் வெளியே வராமல் திரும்பியவள் நான். இந்தப் பெட்டிக்குள் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை.

ஜூன் 30
முடிந்தது. பெட்டிக்குள் வைத்த சின்ன விளக்கைப் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்தார். "நம்ம அடுப்ப விட நல்லா இருக்கே."

ஜூலை 4
ஃபஸீஹாவின் செய்தி. கல்யாணம் நின்றுவிட்டது. "அவர மட்டும் எடுத்துரு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

ஜூலை 5
பிரியவே கூடாது என்றுதான் ஒட்டியிருந்தேன். கத்தி முனையைப் பொம்மையின் காலடியில் விட்டு நெம்பியதும் அஸ்வர் பெயர்ந்து வந்துவிட்டார். தரையும் இரண்டு பாதமளவு கிழிந்து கூடவே வந்துவிட்டது. கிழிசல் தெரியாதிருக்க அந்த இடத்தில் ஓர் அரிசி மூட்டையைச் செய்து வைத்தேன்.

ஜூலை 13
ஃபஸீஹா தன் ஊரான சி ரூசாவிலிருந்து லாபுவில் எங்கள் வீடு வரை வந்தாள். நெடுநேரம் குனிந்து பார்த்தாள்.

"மங்கு கழுவுற எடத்துல யாராச்சும் அரிசி மூட்டய வைப்பாங்களா?"

கேட்டு முடிக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுதாள். அம்மா தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். போகும்போது அவள் பெட்டியைத் தொடவில்லை.

"நீயே வெச்சிக்க, லோகேஸ். உன் வேலையில குத்தமில்ல."

என் வேலையில குத்தமில்லதான். ஆனா இதுக்கா இத்தன நாளு? அம்மாவ இப்படி வேர்க்க விட்டுட்டு — இதுக்கா?

ஜூலை 22
அம்மா வேலைக்காட்டில் மயங்கி விழுந்துவிட்டார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து வீட்டில் விட்டார். "வெயிலுலா, வேற ஒண்ணுமில்ல" என்கிறார் அம்மா. நீலாயில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் எழுத்துக் கிராணி வேலை கேட்டு எழுதிவிட்டேன்.

ஜூலை 29
இந்த முறை நேர்முகத் தேர்வில் குரல் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. அம்மா இனி நாற்றங்காலுக்குப் போக வேண்டாம்.

ஆகஸ்ட் 5
முதல் நாள் வேலை. காலையில் புறப்படும் முன்பே கத்தி, பசை, இடுக்கி எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட்டேன். மேசையை மடித்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே தன் பாயை விரித்துக்கொள்வதாக அம்மா சொல்லியிருந்தார்.

மாலையில் வந்தபோது மேசை மடிக்கப்படவில்லை. அதன் மேல் ஃபஸீஹாவின் சமையலறை. பக்கத்தில் தரையில் அம்மா, ரவிக்கை முதுகெல்லாம் ஈரமாக.

"கரண்டு இல்லையாம்மா?"

"இருக்கு. காத்துல உன் கோப்பையெல்லாம் பறந்துரும்னு போடல."

"ஒட்டியாச்சும்மா. இனிமே பறக்காது."

மின்விசிறியைப் போட்டேன். பெட்டிக்குள் எதுவும் அசையவில்லை. அம்மா காற்றுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணைத் திறப்பதற்குள் கேட்டேன்:

"அம்மா, ஞாயித்துக்கெழம மட்டும் மேசைய விரிச்சிக்கவா?"