கறுவல் ஏன் சாப்பிடவில்லை

இஞ்சாருங்கோ,

நான் தங்கச்சியைப் பார்க்கப் புளியங்குளம் போறன். நாளைக்கு வருவன். வீட்டுத் திறப்பு பக்கத்து வீட்டுப் பத்மாசனி அக்காவிட்டை இருக்கு.

நேற்று வெள்ளிக்கிழமை எண்டு தெரிஞ்சும் மான் இறைச்சியோடை வந்தது நீங்கள். குசினிக்குள்ளை எடுக்கமாட்டன் எண்டதுக்குச் சாப்பிடாமல் போய்ப் படுத்ததும் நீங்கள். இறைச்சிக்கு உப்புப் போட்டு வைச்சு, இண்டைக்குக் காலமை காய்ச்சியிருக்கிறன்.

ராத்திரி எங்கடை நாய் கறுவலுக்குச் சோறு குழைச்சு வைச்சன். மணந்து பாத்திட்டு உங்கடை பாயடியிலை போய்ப் படுத்திட்டுது. நீங்கள் சாப்பிடுற கோப்பையிலையிருந்து கடைசிப் பிடிச் சோத்தைக் குடுத்துப் பழக்கினது ஆர்? இப்ப நீங்கள் சாப்பிடாட்டில் அதுவும் சாப்பிடாது. அந்த வாயில்லாச் சீவனுக்காகவாவது நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

இராசமலர்

மறந்துபோனன்: ஈரலைத் தனியப் பிரட்டி உறியிலை வைச்சிருக்கிறன். அது நாய்க்கில்லை.